கழுவிட்டு அடி

என் வலது கையை மடக்கிப் பார்த்தால் மூன்று கணுக்கள்தான் மேலே தெரியும். சுண்டுவிரல் கணு உள்ளே அமுங்கிப் போய்விட்டது. இருபத்தேழு வயதில் ஒரு லோரிக்காரனின் மண்டையில் குத்தியபோது போனது. அவன் எழுந்து நடந்து போய்விட்டான், என் கணுதான் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் அதே கையால் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன். சுங்கை பூலோவில் என் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் இரண்டடி தள்ளி நின்றுதான் என்னிடம் பேசுவார்கள். ரெங்கசாமிக்குக் கை நீளம் என்று ஊரே சொல்லும். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

வீட்டிலும் அடித்தேன். என் மனைவி புனிதாவுக்கு இடது காது கேட்காது. யாராவது கேட்டால் பிறவிக் கோளாறு என்று சொல்லிவிடுவாள். பிறவியும் இல்லை, கோளாறும் இல்லை, என் கை. எதற்காக அடித்தேன் என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. நான் வண்டி ஓட்டும்போது அவளுடைய கேட்கிற காது என் பக்கம்தான் இருக்கும். இருந்தும் நான் பேசுவது எதுவும் விழாதது போலவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகன் முகுந்தன், தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை எங்களுக்குக் காட்டுவதற்காக பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடைக்கு அழைத்து வந்தான். பெயர் மலர்விழி, கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பெண். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் என் வண்டியை மறித்து ஒருவன் தன் காடியை நிறுத்திவிட்டு போனில் பேசிக்கொண்டிருக்கிறான். எடு என்றேன். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான். அந்த விரல் இறங்குவதற்குள் அவன் வாயில் குத்திவிட்டேன். இரண்டு பல் ரோட்டில் விழுந்தது. மலர்விழி கத்தவில்லை. கடைக்குள் ஓடி ஒரு கிளாஸ் பால் வாங்கிவந்து, மண்டியிட்டுப் பற்களைப் பொறுக்கி அந்தப் பாலில் போட்டு, அவன் கையில் கொடுத்து, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போகச் சொன்னாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் முகுந்தன் கதவைச் சாத்தினான். அவன் குரல் உயரவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இதான் கடைசி, அப்பா. இன்னொருத்தர் மேல உங்க கை பட்டுச்சுன்னா என் கல்யாணத்துல மேடையில உங்களுக்கு இடம் இல்ல. அப்பா இல்லாத பையன்னு சொல்லிட்டுத் தாலி கட்டுவேன்."

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்கார என்னால் முடியாது. அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டேன். சொல்வது சுலபம். யாராவது ஹார்ன் அடித்தால் உள்ளங்கை வேர்க்கும். பட்டறைச் சுவரைக் குத்தி இரண்டு இடத்தில் பிளாஸ்டர் உதிர்ந்தது.

லோகன்தான் வழி சொன்னான். அவன் கிள்ளானில் ஏர்கோன் மாட்டுகிற ஆள், முப்பது வருடப் பழக்கம். மனைவி தாமரை போய்ச் சேர்ந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. என்னிடம் அடி வாங்காத ஒரே நண்பன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கைக்கு வேலை கொடுடா, அது தானாக அடங்கும் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை கோலகுபுவைத் தாண்டி மலை ஏறுகிற ரோட்டில் ஒரு ஆற்றுக்குக் கூட்டிப் போனான். ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். தங்கம் தேடுகிறவன் ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டான்.

ஆமாம், தங்கம். மணலோடு மணலாகப் பொடிப்பொடியாகக் கிடக்கும். ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிய வாரினால் நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு தேறும். இதைத் தொழிலாகச் செய்தால் பட்டினிதான் கிடக்க வேண்டும். ஆனால் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று மண்வெட்டியால் கல்லைப் புரட்டும்போது என் கை முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டது. சாமான் எல்லாம் நாங்களே செய்தோம். கூரைத் தண்ணீர் இறங்குகிற அலுமினியத் தகரத்தை வெட்டி ஒரு நீளமான பெட்டி. அதன் அடியில் பழைய வேனின் ரப்பர் கால்மிதியை விரித்தோம். தண்ணீரும் மணலும் அதன்மேல் ஓடும்போது மணல் போய்விடும், கனமான தங்கம் கால்மிதியின் வரிகளில் தங்கிவிடும். மேசைக் காற்றாடியின் கூண்டு சல்லடையாயிற்று. பாறை இடுக்கில் கிடக்கும் மணலை உறிஞ்ச நான் இரும்புக் குழாயில் ஒரு கைப்பம்பு செய்தேன். ஆளுயரத்தில் பாதி இருக்கும், நல்ல கனம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஆற்றங்கரையில் கால்மிதியைக் கழுவுவதில்லை. அப்படியே சுருட்டி அரிசிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அவன் ஒரு முடிச்சு, நான் ஒரு முடிச்சு. சாக்கு அவன் வீட்டில் இருக்கும். என் பட்டறையில் எங்கே தொட்டாலும் எண்ணெய்ப் பசை, எண்ணெய் பட்டால் பொடித் தங்கம் தண்ணீரில் மிதந்து போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிள்ளானுக்குப் போவேன். அவனவன் முடிச்சை அவனவன் அவிழ்த்து, இரண்டு பேரும் சேர்ந்து கழுவுவோம். யாரும் யாரையும் சந்தேகப்பட்டு இல்லை, பொன் சமாச்சாரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது. என் முடிச்சு லோரியில் சாமான் கட்டுகிற முடிச்சு. அதை இடமிருந்து வலமாகத்தான் போடுவேன், என் கணு இல்லாத விரலுக்கு அப்படித்தான் வரும்.

நிச்சயதார்த்தத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. தாலிக்குப் பொன் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. எங்கள் வீட்டில் நல்ல நாள் பார்த்து, இரண்டு குடும்பமும் கூடியிருக்க, ஆசாரியிடம் அந்தப் பொன்னை உருக்கித்தான் தாலி செய்வோம். பெண்வீட்டார் எல்லோரும் இருக்கும்போது நான் எழுந்து, என் மகன் கட்டப் போகும் தாலிக்குக் கடையில் ஒரு பொட்டுத் தங்கம் வாங்க மாட்டேன், என் கையால் ஆற்றில் எடுத்ததைத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். மலர்விழி நிமிர்ந்து பார்த்தாள். அவள் பல் பொறுக்கிய நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காக ஆற்றையே புரட்டிப் போடலாம் என்று இருந்தது. லோகனும் தன் பங்கு வேண்டாம் என்றான். முகுந்தனுக்கு நான் மாமாடா, எல்லாம் தாலிக்கே போகட்டும் என்றான். முடிச்சு போடுவது மட்டும் பழக்கத்தில் அப்படியே தொடர்ந்தது.

கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது செலாயாங் காய்கறிப் பாசாரில் மூட்டை தூக்குகிற மூன்று பேர் ஆற்றுக்கு வந்தார்கள். நாங்கள் நின்ற வளைவு தங்களுடையது என்றார்கள். லோகன் தன்மையாகப் பேசினான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் அவன் நெஞ்சில் உதைத்தான். லோகன் பாறையில் விழுந்து உதடு கிழிந்தது. இன்னொருவன் பெட்டியைத் தூக்கிக் கல்லில் அடித்து அடித்துத் தகரத்தைக் கசக்கினான். மூன்றாவது ஆள் என் கன்னத்தில் அறைந்தான், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. என்னைவிட இருபது வயது சின்னவன். அவன் கழுத்து என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் குனிந்து தண்ணீருக்குள் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன். மேடை, மேடை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் என் தலையைத் தண்ணீரில் அழுத்தி, நான் முட்டி மோதித் திணறிய பிறகு விட்டான். போகும்போது லோகனின் இடுப்பில் இன்னொரு உதை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

லோகன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, பல் எல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தாண்டா பெரிய கட்டியா எடுத்திருக்க. நீ அடிக்கல பாரு, அதச் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய அடியெல்லாம் உள்ளேயே நின்றது. இரவில் படுத்தால் அந்தப் பொடியனின் கழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. யாரையாவது அடித்தால்தான் தூக்கம் வரும் போல இருந்தது.

பெட்டி போனதில் ஒரு மாதம் வீணாயிற்று. கையில் இருந்தது தாலிக்குப் பாதிகூடத் தேறாது. நாள் நெருங்க நெருங்க நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கடைசியில் பட்டறையில் உட்கார்ந்து புதுப் பெட்டி ஒன்று செய்தேன். குறுக்குச் சட்டங்களைச் சாய்த்து வெல்டிங் வைத்தேன், வாயை அகலமாக்கினேன். புது இடம் பார்த்து மாட்டினோம். முதல் வாரமே இரண்டு மடங்கு தங்கம். அடுத்த வாரம் அதைவிட அதிகம். பார்த்தாயா என் பெட்டி எப்படிப் பிடிக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன். லோகன் ஆமாம்டா, உன் பெட்டிதான் என்றான். பொடி முன்பு மாதிரி தட்டையாக இல்லை, கொஞ்சம் சுருண்டிருந்தது. அதையும் பார்த்தேன். முப்பது வருடமாக அரம் பிடித்து இரும்புத் தூளைப் பார்த்தே வளர்ந்த கண் இது. ஆனால் எனக்குத் தங்கம் வேண்டியிருந்தது, அதனால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பொன் உருக்குவதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் கழுவலுக்காக லோகன் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற இடத்தில் சாக்கு இருந்தது. அவன் உள்ளே கோப்பி கலக்கிக்கொண்டிருந்தான். என் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன். அது என் முடிச்சு இல்லை. லோரி முடிச்சுதான், ஆனால் வலமிருந்து இடமாகப் போட்டிருந்தது. முந்தின வாரங்களில் நான் பார்க்காமலே அவிழ்த்திருப்பேன்.

யாரோ அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு யார்?

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பங்கு வேண்டாம் என்று ஊர் முன்னால் பெரிய மனுஷத்தனம் காட்டிவிட்டு, வாராவாரம் என் பிள்ளையின் தாலியில் கை வைத்திருக்கிறான். முப்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவன். செலாயாங்காரன் என்னைத் தண்ணீரில் அழுத்தியபோது விழுங்கிய கோபமெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது. மேடை ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்தும் அதைத் தள்ளிவிட்டேன்.

சுவரோரம் கைப்பம்பு சாய்ந்திருந்தது. லோகன் இரண்டு கோப்பையோடு வெளியே வந்தான். சாக்கைக் காட்டி யார் அவிழ்த்தது என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. முதலில் கோப்பைகளைக் கீழே வைக்கப் பார்த்தான். அந்த ஒரு விநாடி எனக்குப் போதுமாக இருந்தது. இரும்புக் குழாயைத் தலைக்கு மேல் ஓங்கினேன். அவன் இடது கையைத் தூக்கித் தடுத்தான். குழாய் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இறங்கியது. காய்ந்த மரக்கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. கை நடுவில் வளைந்து தொங்கியது, சூடான கோப்பி அவன் காலெல்லாம் கொட்டியது. அவன் சரிந்து உட்கார்ந்தான். நான் நிறுத்தவில்லை. விலாவில் இரண்டு தடவை, தொடையில் ஒரு தடவை. குழாய் வழுக்கிக் கீழே விழுந்ததும் காலால் உதைத்தேன். ஒரு உதையில் அவன் தலை தண்ணீர்க் குழாயடிக் கல்லில் மோதி, நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. ஒடிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சுக்கு இடையில் சொன்னான்.

"கழுவிப் பாருடா, ரெங்கா. கழுவிட்டு அடி."

அடித்து முடித்த பிறகு கழுவினேன். அவன் சுவரில் சாய்ந்து கிடக்க, அவன் முன்னாலேயே உட்கார்ந்து கால்மிதியை விரித்துக் கழுவினேன். என் கை நடுங்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கறுப்பு மணலைக் காந்தத்தால் நீக்கியதும் அடியில் மஞ்சளாக நின்றது. இத்தனை நாளில் அவ்வளவு தங்கம் ஒரே கழுவலில் நான் பார்த்ததில்லை. முன்பு சேர்த்ததோடு தாலிக்குப் போதும். போதும், மிச்சமும் இருக்கும்.

திருடியவன் மிச்சம் வைத்ததே இவ்வளவு என்றால் எடுத்தது எவ்வளவு என்றுதான் என் புத்தி போனது. அவனிடம் கேட்கவும் கேட்டேன். எடுக்கல என்று மட்டும் சொன்னான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். நான் தங்கத்தைச் சின்னப் போத்தலில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆன்டியின் கதவைத் தட்டி, லோகன் விழுந்துவிட்டான், பாருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் முகுந்தன் போன் செய்தான். லோகன் மாமா குழாயடியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாராம், கை உடைந்து, விலா எலும்பு இரண்டு விரிசலாம், மலர்விழி வேலை செய்கிற ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார்களாம். லோகன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் நாகையா ஆசாரியின் மாடியில் கூடினோம். முன்பக்கம் சேலைக்கடை, பின்சந்துப் படியேறினால் அவர் பட்டறை. என் குடும்பம், மலர்விழி, அவள் அப்பா அம்மா. புனிதா வெற்றிலை, மஞ்சள், பூ எல்லாம் தட்டில் அடுக்கினாள். நாகையாவை எனக்குக் காட்டிக்கொடுத்ததே லோகன்தான். தாமரைக்குக் கல்யாண நகை செய்தவர் அவர்.

நான் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் பொடியைக் காகிதத்தில் கொட்டி, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். உருக்குகிற மண் மூசையில் போட்டு, பொன் சேர்ந்து உருகக் கொஞ்சம் வெங்காரம் தூவி, நெருப்பைக் காட்டினார். பொடி சுருங்கியது, மினுங்கியது, திடீரென்று ஓடிச் சேர்ந்து ஒரே மணியாக உருண்டது. மலர்விழியின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கை அடிப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும்.

நாகையா நெருப்பை அணைத்துவிட்டு, லோகன் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் அவர் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், அந்தத் திருட்டுப்பயல் பேச்சை எடுக்காதீர்கள், என் பிள்ளையின் தாலிப் பொன்னில் கை வைத்தவன் என்றேன்.

அவர் கிடுக்கியைக் கீழே வைத்தார். அவருக்கும் கோபம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"சொல்லக் கூடாதுன்னு லோகன் என் கையில சத்தியம் வாங்கியிருக்காரு. இதைக் கேட்டுட்டு நான் சும்மா இருக்க முடியாது, அண்ணே. இந்த மணியில முக்கால்வாசி தாமரையோட தோடும் வளையலும். வாரா வாரம் கொண்டாந்து, பொடியா ராவிக் குடுன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஆத்துப் பொடி தட்டையா, ஓரம் மழுங்கி இருக்கும். இது சுருள். என் அரம் எனக்குத் தெரியாதா?"

காகிதத்தில் ஒட்டியிருந்த நாலைந்து துணுக்கை என் முன்னால் நகர்த்தினார். கண்ணாடி தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

அவிழ்த்தவன் எடுப்பதற்குத்தான் அவிழ்ப்பான் என்று நினைத்தேன். போடுவதற்காக ஒருவன் முடிச்சை அவிழ்ப்பான் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. கை உடைந்து கிடந்தபோதும் அவன் ஏன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சொல்லியிருந்தால் அது ஆற்றுப் பொன் இல்லை என்று ஆகிவிடும். நான் பெண்வீட்டார் முன்னால் தலைகுனிவேன், தலைகுனிந்தால் யாரையாவது அடிப்பேன், அடித்தால் மேடை போய்விடும். என் கையிலிருந்து என்னைக் காப்பாற்றத் தன் மனைவியின் நகையை ராவிக் கொண்டுவந்தவனை நான் அதே கையால் அடித்து நொறுக்கியிருக்கிறேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

அங்கே இருந்த யாருக்கும் அடி விஷயம் தெரியாது. லோகன் வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான். முகுந்தன்கூட நெகிழ்ந்துபோய், மாமா இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த மாதம் மேடையில் ஜிப்பா போட்டுக்கொண்டு நிற்கலாம். லோகன் சாகும்வரை சொல்ல மாட்டான்.

"அவன் விழல," என்றேன். "நான்தான் அடிச்சேன். பம்பு குழாயால. திருடிட்டான்னு நெனச்சு."

சேலைக்கடையில் யாரோ சிரிக்கிற சத்தம் கீழேயிருந்து வந்தது. புனிதா தட்டைக் கீழே வைத்தாள். அவளுடைய நல்ல காது என் பக்கம்தான் இருந்தது.

முகுந்தன் எழுந்து வந்தான். வருவதை நான் பார்த்தேன். இடது தோள் முதலில் இறங்கியது, பிறகு இடுப்பு திரும்பியது. நான் அடிக்க வருகிற விதத்தைக் கண்ணாடியில்கூட அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. முதல் குத்து என் மூக்கில் விழுந்தது. பட்டறை மேசையில் மோதித் தரையில் விழுந்தேன், அரமும் சுத்தியும் என்மேல் கொட்டின. அவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி குத்தினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அது என் மண்டையில் பட்டது. மூன்றாவது குத்துக்கு ஓங்கியபோது நாகையாவும் பெண்ணின் அப்பாவும் சேர்ந்து அவனைப் பிடித்தார்கள். அவன் அவர்களையும் உதறினான். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எல்லாம் என் வார்த்தைகள்.

பிறகு அவனே நின்றான். மலர்விழி எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் நின்றான்.

அவள் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். மூக்கை அண்ணாந்து பிடிக்கக் கூடாது, குனிந்து பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பூத்தட்டில் இருந்த துண்டை என் கையில் கொடுத்தாள். பேசும்போது அவள் முகுந்தனைத்தான் பார்த்தாள்.

"வழுக்கி விழுந்தவங்களுக்கு மணிக்கட்டு உடையும். அடியைத் தடுத்தவங்களுக்குத்தான் கையில நடு எலும்பு உடையும். லோகன் அங்கிள் எக்ஸ்ரேயைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும். இந்த வீட்டுல யாராச்சும் வாயைத் தொறந்து சொல்றாங்களான்னு அஞ்சு நாளா பார்த்துக்கிட்டிருந்தேன். உங்கப்பா சொல்லிட்டாரு. நீ என்ன செஞ்ச?"

முகுந்தன் வாயைத் திறந்தான். உனக்காகத்தான், மாமாவுக்காகத்தான் என்று ஏதோ ஆரம்பித்தான். நானும் ஒவ்வொரு தடவையும் யாருக்காகவோதான் அடித்தேன்.

அவள் நாகையாவிடம், மணி ஆறியதும் அதை லோகன் அங்கிளிடம் கொடுத்துவிடச் சொன்னாள். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றவில்லை, கல்யாணம் இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீ வராதே என்று மட்டும் முகுந்தனிடம் சொன்னாள். அவள் அம்மாவும் அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். புனிதா முந்தானையைச் செருகிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள். படியில் நான் கூப்பிட்டேன், இரண்டு தடவை. அவள் திரும்பவில்லை. கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல முடியாது.

நாகையா கீழே போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் வாங்கிவந்தார். என் மூக்குக்குத்தான் வாங்கிவந்தார். முகுந்தன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கை வீங்க ஆரம்பித்திருந்தது. நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தேன். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தேன். மூன்று கணுக்கள் மேலே தெரிந்தன. சுண்டுவிரல் கணு உள்ளே போயிருந்தது.

ஐஸ் பையை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வலிக்குதா என்று கேட்டேன்.